காற்று விழுந்த மாலை

ஐம்பதை விட்டு இறங்கிவிட்டது. ஒரு நூலளவுதான். அறையில் வேறு யாருக்கும் அது உறைத்திருக்காது, ஆனால் இசக்கிச்செல்விக்கு உறைத்தது. சுவரை அடைத்துக்கொண்டிருந்த திரையில் மாநிலத்தின் மின்தடங்கள் எல்லாம் பச்சையும் சிவப்புமாக ஓடின. அவற்றுக்கு மேலே ஓரமாக அந்த எண், மின்சாரத்தின் அதிர்வெண். ஐம்பது என்றால் எல்லாம் சரி, எவ்வளவு மின்சாரம் செலவாகிறதோ அவ்வளவும் அதே நொடியில் எங்கோ உற்பத்தியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். செலவு மிஞ்சினால் எண் இறங்கும், உற்பத்தி மிஞ்சினால் ஏறும். கன்னியாகுமரியில் சுற்றுகிற மின்விசிறிக்கும் காஷ்மீரத்தில் எரிகிற விளக்குக்கும் ஒரே எண்தான், ஒரே நாடித்துடிப்பு. அதில் தன் மாநிலத்தின் பங்கு பிசகாமல் பார்த்துக்கொள்வது இந்தக் கட்டுப்பாட்டு அறையின் வேலை, இந்த ஷிஃப்ட்டுக்கு அவள் பொறுப்பு. பத்து வருஷமாகப் பார்க்கிறாள். இன்னும் அந்த எண் ஐம்பதில் நிற்பதைப் பார்த்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டு சுவிட்சைப் போடுவதில்லை. ஏழரைக் கோடிப் பேரும் அவரவர் பாட்டுக்கு மிக்ஸியைத் திருகுகிறார்கள், மோட்டாரைப் போடுகிறார்கள், குளிருகிறது என்று ஏ.சி.யை அணைக்கிறார்கள். இருந்தும் நிற்கிறது. குளிருகிறது. இந்த அறையில் ஏன் இப்படிக் குளிரவைக்கிறார்கள், மெஷினுக்காக, மனுஷருக்காக இல்லை. சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். காபியில் ஆடை படிந்திருந்தது. ஐம்பதை விட்டு இன்னொரு நூல்.

மத்தியானம் எப்படி இருந்தது! ஆடி மாசத்துக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் பிய்த்துக்கொண்டு வந்தது, ராமநாதபுரத்துப் பக்கம் வெயில் கொளுத்திற்று. காற்றாலையும் சூரியத் தகடும் போட்டி போட்டுக்கொண்டு கொடுத்ததில் நிலக்கரி நிலையங்களையெல்லாம் அடக்கி வாசிக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. அப்படியும் மிஞ்சியது. மிஞ்சியதை என்ன செய்வது, மின்சாரம் அரிசியா, மூட்டை கட்டி வைக்க? ஆனால் வைக்கலாம், ஒரு வழி இருக்கிறது. வெள்ளிமுடி மலையில் மேலே ஓர் அணை, கீழே ஓர் அணை. மிச்சம் இருக்கும்போது கீழணைத் தண்ணீரை மேலே ஏற்றிக்கொள்வது, பற்றாமல் போகும்போது அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. மத்தியானம் முழுக்கப் போஜன் ஏற்றிக்கொண்டிருந்தார். போஜன் அங்கே பொறுப்பில் இருக்கும் இன்ஜினியர். அவரை அவள் நேரில் பார்த்ததே இல்லை. ஆறு வருஷமாகக் குரல்தான் தெரியும். குரலும், அதற்குப் பின்னால் தகரக் கூரையில் மழை விழுகிற ஓசையும், பேச ஆரம்பிக்குமுன் வரும் அந்தச் செருமலும். ‘இந்த நேரத்துக்கு மலையே குளிச்ச மாதிரி இருக்குது மேடம்’ என்றார் மத்தியானம். சூரியனைத் தண்ணீராக்கி மலைமேல் நிறுத்திவைப்பது! இதை முதல் முதலில் யோசித்தவன் எந்த ஊர்க்காரனோ, அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இப்போது வெயில் சாய்கிறது. அது தெரிந்ததுதான், வெயில் எப்போது சாயும் என்று பஞ்சாங்கமே சொல்லும். காற்றுதான் சொல்லாமல் போகும். காற்றாலைகளின் கோடு திரையில் மடிந்து விழுந்துகொண்டிருந்தது, கொடியில் கிளிப் கழன்ற வேட்டிபோல.

“மேடம், நான் சொன்னதைவிட சீக்கிரமா விழுது,” என்றாள் நிலோஃபர். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து மேகப்படங்களைப் பார்த்துக் காற்றையும் வெயிலையும் முன்கூட்டிக் கணித்துச் சொல்பவள் அவள். ஆம்பூர்ப் பெண். வானிலையில் பட்டம் வாங்கியவள், தப்பாகிவிட்டால் தானே வாய்விட்டுச் சொல்லிவிடுவாள், சாக்குச் சொல்ல மாட்டாள். அது செல்விக்கு ரொம்பப் பிடிக்கும். “எவ்வளவு விழும்?” “பாதிக்கு மேலயே போயிடும் போல இருக்கு. பெரிய மேகம் ஒண்ணு கடல்ல நிக்குது. அது வர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் மூச்சைப் பிடிச்சுக்கும்.” மூச்சைப் பிடித்துக்கொள்ளும். மேஜை டிராயருக்குள் செல்வியின் சொந்த செல்போன் கிடந்தது, சத்தம் அணைத்து. அதில் தளவாய் அனுப்பிய செய்தி இருந்தது. எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை, மனப்பாடம். ‘காத்து விழுந்துட்டு. ஏறப்போறோம். பொறவு பேசுதேன்.’ அவ்வளவுதான். எப்போதும் அவ்வளவுதான் எழுதுவார். தளவாய் அவள் கணவர். கணவாய்க்கு இந்தப் பக்கம் காற்றாலைகளில் பழுது பார்க்கிற குழுவுக்குத் தலைவர். அவருக்கு அங்கே வேலை, இவளுக்குச் சென்னையில். மாசத்தில் இரண்டு தடவை ரயில். சீசன் காலத்தில் காற்று பலமாக அடிக்கும்போது கோபுரத்தில் ஏறக்கூடாது. ஆகவே காற்று எப்போது விழும் என்று காத்திருந்து, விழுந்ததும் ஏறுவார்கள். காற்று விழுந்தால் அவருக்கு வேலை நேரம். காற்று விழுந்தால் இவளுக்குத் திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியாத நேரம். ஒரே காற்று. கல்யாணமான புதிதில் ஒரு தரம் அவளையும் மேலே கூட்டிப்போயிருக்கிறார். ஏணியில் பாதி தூரத்தில் இடுப்பில் கட்டியிருந்த வாரைப் பிடித்துக்கொண்டு, ‘முடியல, இறங்கிருதேன்’ என்று அழுதாள். கீழிருந்து அவர் அவசரமே படாமல், ‘அழுதுட்டே ஏறு, ஒண்ணும் பிழையில்ல’ என்றார். ஏறினாள். உச்சியில் மூடியைத் திறந்ததும் அத்தனை காற்றாலைகளும் மலையடிவாரம் வரைக்கும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றன. ‘பாத்தியா, ஒன் ஆபீஸ்ல ஒரு கோடா தெரியுமே, அது இதுதாம்ட்டி’ என்றார். அந்தக் கோடு இப்போது இறங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கோபுரத்தின் உச்சிக்குள், ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கக்கூட முடியாத அந்த இரும்புப் பெட்டிக்குள், எண்ணெய் வாசத்தில், முழங்கையை மடக்கிக்கொண்டு அவர்.

நினைக்கக்கூடாது. போனை எடுத்தாள், ஆபீஸ் போனை. “போஜன், ஏத்துறதை நிறுத்தியாச்சா?” செருமல். “நிறுத்தியாச்சு மேடம். தண்ணியைத் திருப்புறோம். நாலு மெஷினும் வரும், ஒண்ணொண்ணா.” “நாலும் வேணும்.” “தெரியுது மேடம், இங்கயும் அந்த நம்பர் தெரியுதே,” என்று சிரித்தார். சிரிக்கிறாரே! இந்த மனுஷனுக்குப் படபடப்பே கிடையாதா, இல்லை படபடப்பைச் சிரிப்பாக மாற்றிக்கொள்ளத் தெரிந்துவைத்திருக்கிறாரா. நிலக்கரி நிலையங்களுக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்று. ஆனால் நிலக்கரி யானை மாதிரி, எழுந்திருக்க நேரம் பிடிக்கும். மத்தியானம் படு என்று சொன்னதும் நாம்தான், இப்போது உடனே எழுந்து ஓடு என்றால் எப்படி. பக்கத்து மாநிலத்தில் கேட்டாயிற்று, அவர்களுக்கும் சாயங்காலம்தான். சாயங்காலம் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் வருகிறது. அதுதான் கஷ்டம். அந்தப் பக்கம் சூரியன் கையை உதறிவிட்டுப் போகிற அதே வேளையில் இந்தப் பக்கம் வீடு திரும்புகிறவர்கள் விளக்கைப் போடுகிறார்கள், காய்கறிக்கடை பல்புகள் எரிகின்றன, தெருவிளக்குகள் வரிசையாகக் கண் விழிக்கின்றன. விளக்கு வைக்கிற நேரம். எத்தனை அழகான சொல்! அதற்குள் இத்தனை மெகாவாட் ஒளிந்திருக்கிறது. நாற்பத்தொன்பது புள்ளி எட்டு.

பெரிய அதிகாரியின் போன். நல்ல மனிதர்தான், ஆனால் எண் இறங்கினால் அவருக்குக் கை பரபரக்கும். “என்னம்மா, சரிஞ்சுக்கிட்டே போகுது. ஒரு பத்து கிராமத்து ஃபீடரை எடுத்துடலாமே? அரை மணி நேரம்தானே, அவங்களுக்குப் பழக்கம்தான்.” அவங்களுக்குப் பழக்கம்தான். அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. பழகிக்கொண்டார்கள் என்பதற்காகவே திரும்பத் திரும்ப அவர்களையே இருட்டில் வைப்பதா. அந்த ஊர்களுக்குப் போகிற தடங்களைத் துண்டித்து எடுக்க வேண்டி வந்தால் எடுக்கத்தான் வேண்டும், இன்னும் ரொம்பக் கீழே போனால் யாரையும் கேட்காமல் தானாகவே ஊர்கள் அறுந்து விழும், ஒன்று விழுந்தால் அடுத்தது, அதற்கடுத்தது. வீம்பு பிடிக்கிற விஷயம் இல்லை இது. இது வீம்பா? மனசுக்குள் தன்னையே ஒரு தரம் தட்டிப் பார்த்துக்கொண்டாள், தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல. இல்லை, வீம்பில்லை. தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. “சார், மலையில நாலு மெஷின் வருது. வரலேன்னா நானே எடுத்துடறேன். கொஞ்சம் டைம் கொடுங்க.” “உன் பொறுப்பும்மா.” “என் பொறுப்புதான் சார்.” போனை வைத்தாள். முதல் மெஷின் வந்தது, எண் விழுவது மட்டுப்பட்டது. இரண்டாவது வந்தது. மூன்றாவது. மத்தியானத்து வெயில்தான் இது, மலைமேல் காத்துக்கிடந்த அதே வெயில் குழாய் வழியாக இறங்கி வருகிறது என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. நாலாவது எங்கே. நாலாவது எங்கே போஜன். கேட்கக்கூடாது, கேட்டால் அந்த மனுஷனின் கை ஓடாது. சமையல்கட்டில் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றால் பொங்காது. வேறு எதையாவது பார்க்க வேண்டும். காபியைப் பார்த்தாள். ஆடை. தளவாய்க்கு ஆடை பிடிக்கும், விரலால் எடுத்துத் தின்பார். கண்ணை மாற்றிக்கொண்டாள்.

“மேடம்!” நிலோஃபரின் குரலில் சந்தோஷம். “காத்து திரும்ப வருது! மேகம் கரையைத் தொட்டாச்சு. இப்ப பாருங்க, சும்மா வராது, தூக்கிக்கிட்டு வரும். இருபது நிமிஷத்துல கணவாயில இருக்கும்.” அறையில் இருந்த இன்னும் ரெண்டு பேர் கைதட்டினார்கள். காற்று வருகிறது, தப்பித்தோம். வா, என்றாள் செல்வி மனசுக்குள், வா, வந்து தூக்கு, அந்த எண்ணைத் தூக்கு. சொன்ன அதே கணத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வராதே. சும்மா வராது, தூக்கிக்கொண்டு வரும். மேலே ஆள் இருக்கிறது. ஏணியில் இறங்குகிறவனுக்கு அந்தக் காற்று என்னவெல்லாம் செய்யும் என்று அவளுக்குத் தெரியும், கோபுரமே மரக்கிளை மாதிரி ஆடும், உள்ளே இரும்பு முனகும், மின்னலும் சேர்ந்தால் அவ்வளவுதான். வராதே, கொஞ்ச நேரம் வராதே, அவர் காலை மண்ணில் வைக்கிற வரைக்கும். ஆனால் நீ வராவிட்டால் எந்த ஊரை நான் அணைப்பேன். வா. வராதே. ஒரு மனசால் எப்படி ரெண்டையும் கேட்க முடிகிறது. ஒரு பக்கம் ஏழரைக் கோடி, இன்னொரு பக்கம் ஒரே ஒருவர்; தராசில் வைத்தால் தெரிந்த விடைதான், ஆனால் மனசு தராசா. டிராயரைத் திறந்து அவரைக் கூப்பிடலாம். கூப்பிட்டால்? ஏறும்போது போனைக் கீழே பையில் போட்டுவிட்டுத்தான் ஏறுவார், சட்டம் அப்படி. அடித்து அடித்து ஓயும். முட்டாள், முட்டாள். நீ கூப்பிட வேண்டியது அவரை இல்லை. உனக்கு இங்கே உட்கார்ந்து இதைச் செய்யச் சம்பளமே கொடுக்கிறார்கள். ஆபீஸ் போனை எடுத்துக் கணவாய்க்கு அருகில் இருக்கும் துணை மின் நிலையத்தைக் கூப்பிட்டாள். சுற்றுவட்டாரத்துக் காற்றாலைகள் எல்லாம் சேருகிற இடம் அது.

“ஸ்டீபன் பேசுதேன்.” “ஸ்டீபன், கண்ட்ரோல் ரூம். காத்து திரும்புது. பலமா வருது, மின்னலும் இருக்கும். டவர்ல ஆள் இருக்கா?” “இருக்காங்க மேடம், மூணு டவர்ல. இப்பதான் நல்லா விழுந்திருக்கேன்னு…” “இறக்குங்க.” “இங்க இலைகூட அசையலயே மேடம்.” “அசையும். மூணு டவரையும் உடனே இறக்குங்க. வயர்லெஸ்ல சொல்லுங்க, வேலையைப் பாதியில விட்டுட்டு இறங்கணும். இறங்கினதும் எனக்குச் சொல்லணும்.” தன் குரல் இப்படி வரும் என்று அவளுக்கே தெரியாது. யாருடைய பேரையும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், ஒரு வார்த்தை, அதில் தளவாய் இருக்கிறாரா என்று. ஆனால் மூன்று கோபுரத்திலும் யாரோ ஒருத்தியின் தளவாய்தான். கேட்டால் அந்தக் குரல் உடைந்துவிடும். உடைந்த குரலுக்கு யார் பயப்படுவார்கள், யார் இறங்குவார்கள். போனை வைத்தாள். இனிச் செய்ய ஒன்றுமில்லை, அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வேலை.

நாலாவது மெஷின் வந்துவிட்டது. எப்போது வந்தது என்றே தெரியவில்லை; எண் நாற்பத்தொன்பது புள்ளி எட்டிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கியிருந்தது. “வால்வு ஒண்ணு முரண்டு பிடிச்சுது மேடம், கெஞ்சி வர வெச்சோம்,” என்றார் போஜன். பின்னால் மழை. தேங்க்ஸ் போஜன் என்றாள், அதற்கு மேல் என்ன சொல்வது, இந்த மனிதரின் கால் எந்த ஊரில் பட்டாலும் அந்த ஊருக்கு நல்லது என்று தோன்றியதைப் போனில் சொல்ல முடியுமா. எந்த ஃபீடரையும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. எங்கோ ஒரு ஊரில் விளக்கு ஒரு கணம் மினுக்கியிருக்கும், அம்மாக்காரி நிமிர்ந்து பார்த்திருப்பாள், அணையவில்லை என்றதும் மறந்திருப்பாள். மறக்கட்டும். அப்படி மறக்கவைப்பதுதான் இந்த அறையின் பெருமை. அப்போது காற்றின் கோடு அசைந்தது. முதலில் தெற்குக் கோடியில் கொஞ்சம், பிறகு பக்கத்தில், பிறகு மொத்தமாக நிமிர்ந்தது. “வந்துடுச்சு, வந்துடுச்சு,” என்றாள் நிலோஃபர். அவள் சொன்ன இருபது நிமிஷம் ஆகவில்லை. எல்லாருக்கும் அது மேலே போகிற கோடு, செல்விக்கு மட்டும் அது கோபுரத்தை உலுக்குகிற கை. ஒவ்வொரு மெகாவாட்டும் ஏறுகிறபோது அவர் இன்னும் எத்தனை படியில் இருக்கிறார் என்று நினைத்தாள். அவர் கூட இருப்பவரை முதலில் இறக்கிவிட்டுத்தான் இறங்குவார், அது தெரியும், எத்தனை தடவை சண்டை போட்டாலும் அதை மாற்றிக்கொள்ள மாட்டார், மாற்றிக்கொண்டால் அவரை அவளுக்கு இவ்வளவு பிடித்திருக்காது. அழுதுகொண்டே ஏறு என்றவர். இப்போது இவள் அழாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எண் ஐம்பதைத் தொட்டது. யாரோ சிரித்தார்கள், யாரோ டீ சொன்னார்கள். ஸ்டீபன் கூப்பிடவில்லை. கோடு ஏறிக்கொண்டே இருந்தது, அழகாக, பயங்கரமாக, இத்தனை வருஷத்தில் அவள் பார்த்ததிலேயே அழகான ஏற்றம் அதுதான். அந்த அழகை ரசிக்கவும் செய்தாள், அதற்காகத் தன்மேல் கோபப்படவும் செய்தாள்.

போன் அடித்தது. “மேடம், ஸ்டீபன். மூணு டவர்லயும் இறங்கியாச்சு. கடைசி ஆள் கீழ வந்து கதவைச் சாத்தவும் காத்து மோதவும் சரியா இருந்துச்சு. எம்மா, என்ன காத்து! அந்த மூணு மிஷினையும் ஓட விடலாமா?” அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தாள். “விடுங்க ஸ்டீபன்.”

கொஞ்ச நேரத்தில் டிராயருக்குள் அவள் செல்போன் அதிர்ந்தது. நிலோஃபர் திரும்பிப் பார்த்தாள். “எடுங்க மேடம், நான் பாத்துக்கறேன்.” சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு எடுத்தாள். முதலில் காற்றுதான் பேசியது, போனுக்குள் அப்படி ஒரு இரைச்சல். அப்புறம் தளவாய். “ஏட்டி, ஒன் ஆபீஸ்ல எவளோ ஒருத்தி எங்களை இறங்கச் சொல்லிட்டா.”

“யாராம்?”

“யாரோ. ரொம்ப அதிகாரமா சொன்னாளாம், ஸ்டீபன் மெரண்டு போய்ட்டான்.” சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “ஒரே ஒரு போல்ட்டுதாட்டி பாக்கி. வானம் இருட்டுறது எனக்கே தெரிஞ்சுது. அதை முடுக்கிட்டுப் போயிருவோம்னு நெனச்சேன். அவ சொல்லலேன்னா நின்னிருப்பேன்.”

‘பாவி மனுஷா’ என்று செல்விக்கு நாக்கு நுனி வரை வந்தது. “சாப்பிட்டீயளா?” என்றாள்.

“இனிதாம்.” காற்று அவர் பேச்சைப் பிய்த்துக்கொண்டு போயிற்று, திரும்பக் கொண்டுவந்து போட்டது. “அவகிட்ட சொல்லு, நான் கும்பிட்டேன்னு.”

“சொல்லுதேன்,” என்று வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். ஐம்பதுக்கு மேலே ஒரு நூல் ஏறியிருந்தது. நிலோஃபர் மேகப்படத்திலிருந்து தலையைத் தூக்காமல், “மேடம், காத்து இன்னும் ஏறும் போலிருக்கு,” என்றாள். செல்வி ஆபீஸ் போனை எடுத்து வெள்ளிமுடியைக் கூப்பிட்டாள், தண்ணீரை நிறுத்திக்கொள்ளச் சொல்ல. மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே, “வரட்டும்,” என்றாள்.